பல்கனிக் கம்பி போடப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கொழும்புக் கடலோரம் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பல்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கைபிடிக் கம்பி போட இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் இரண்டாம் மாடிப் பல்கனிக்குக் கம்பி போட்டவர் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்.

“அண்ணை, இது அமெரிக்க ஸ்டாண்டர்ட். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடல் காத்துக்கும் ஒண்டும் ஆகாது” என்றார். கொட்டேஷனிலும் அப்படியே எழுதித் தந்தார். காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை, அதனால் நல்ல ரகம்தான் என்றும் காட்டினார்.

ஒரு மழைக்காலம் போனதும் வெல்டிங் மூட்டுகளில் துரு. அதுகூடப் பரவாயில்லை. அம்மா சாய்ந்து நின்றபோது கம்பி வெளிப்பக்கமாக ஆடியது. நெஞ்சே நின்றுவிட்டது. வேறொரு வெல்டரைக் கூப்பிட்டு அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஆணி கொங்கிறீட் வரை போகவே இல்லை. டைல்ஸுக்கும் அதன் கீழுள்ள சாந்துக்கும் பிளாஸ்டிக் பிளக் வைத்துச் சாதாரண ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார். கொங்கிறீட் சிலாப்புக்குள் இறங்கி, முடுக்கும்போது விரிந்து இறுகும் போல்ட் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் கம்பி போட்டவர் சொன்ன அமெரிக்க விதியைத் தேடிப் படித்தேன். அங்கே வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதிக்கோவைப்படி, நிலத்திலிருந்து 30 அங்குலத்துக்கு மேலே இருக்கும் தளத்துக்குத் தடுப்பு கட்டாயம். உயரம் குறைந்தது 36 அங்குலம். 4 அங்குல உருண்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளையின் தலையும் உடலும் நுழையாதபடி வைத்த அளவு அது. மேல் கம்பியில் எந்த இடத்தில் 200 இறாத்தல் பாரம் விழுந்தாலும் தாங்க வேண்டும்.

எங்களுடையது 32 அங்குலம், இடைவெளி 6 அங்குலம். ஏன் 32 என்று பிறகு வந்த வெல்டர்தான் விளக்கினார்: நிமிர்ந்து நிற்கும் காலுக்கு மேலே வரும் கைபிடிக் கம்பி 2 அங்குலம். 20 அடிக் குழாயை 30 அங்குலமாக வெட்டினால் 8 கால் வரும், 36 அங்குல உயரத்துக்காக 34 ஆக வெட்டினால் 7தான். ஒரு காலை மிச்சம் பிடிக்க ஆள் விழுகிற உயரத்தில் விட்டிருக்கிறார்! கம்பிகளையும் ஏணி மாதிரி குறுக்கே போட்டிருக்கிறார். அமெரிக்க விதிக்கோவை அதைத் தடுக்கவில்லை, ஆனால் பிரித்தானியக் கட்டட வழிகாட்டி சிறுபிள்ளைகள் எளிதாக ஏற முடியாதபடி இருக்கச் சொல்கிறது. பல்கனிக்கு 1100 மில்லிமீட்டர் உயரமும் கேட்கிறது. குழந்தை உள்ள வீட்டில் நிமிர்ந்த கம்பிதான் போட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

காந்தச் சோதனையை நம்பாதீர்கள். நிக்கலைக் குறைத்து மங்கனீசு கூட்டிய மலிவான 201, 202 ரகங்களிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. உப்புக் காற்றில் அவை சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலைப் பார்த்த வீடென்றால் மொலிப்டினம் சேர்ந்த 316 நல்லது. ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். துளை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், போல்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.

இப்போது கம்பி போட்டவர் போன் எடுப்பதில்லை. கொட்டேஷனையும் படங்களையும் சேர்த்து நுகர்வோர் விவகார அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இப்படி ஏமாந்தவர்கள் 1977 என்ற அவர்களது இலக்கத்துக்கு அழைக்கலாம். கழற்றிய ஸ்க்ரூவையும் பிளக்கையும் எறிந்துவிடாதீர்கள்.