சரவிளக்கும் ஆர்மோனியப் பெட்டியும்

கோயில் கொடை விழாவுக்கு வரி எவ்வளவு என்று பேசி முடித்த பிறகுதான் ஊர்க்கூட்டத்தில் நாடகப் பேச்சு வந்தது. எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கரிசல் காட்டில் இருக்கிறது. கொடை இரவு வில்லுப்பாட்டுக்கு உரியது. அதில் யாரும் கை வைக்க முடியாது. நாடகத்துக்குக் கிடைப்பது மறுநாள் இரவு, இல்லாவிட்டால் கொடை முடிந்து எட்டாம் நாள் வரும் எட்டாம் பூசை இரவு. இந்த ஆண்டு அந்த ஓர் இரவுக்கு இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, வழக்கம்போல் தனித்தனியாகப் பிடித்த நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் விடிய விடிய ஆடும் ஸ்பெஷல் நாடகம். மற்றொன்று, ஒத்திகை பார்த்து ஒரே குழுவாக ஊர் ஊராகப் போகிறவர்கள் நடத்தும் இரண்டரை மணி நேர 'வள்ளி திருமணம்'. இரண்டும் நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகளின் அதே பாட்டுகள்தான்.

"தம்பி, பம்பாய் வரைக்கும் போய் நாடகம் பார்த்தவர் நீங்கள். எது அசல் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார் ஓர் அண்ணாச்சி. அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

பம்பாய் போனது உண்மை. 2025 மார்ச்சில் அங்கே நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையத்துக்கு 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' என்ற ஆங்கில இசை நாடகம் வந்திருந்தது. அக்கா மகன் டிக்கெட் எடுத்து அழைத்துப் போனான். கூரையில் தொங்கிய பெரிய சரவிளக்கு இறங்கியபோது நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் என் காதில், "மாமா, இது ஊர் சுற்றும் நாடகம். அசல் லண்டனில் இருக்கிறது" என்றான். திரும்பி வரும் ரயிலில் எனக்கு இரண்டு பகல் ஓய்வு. அந்த அசல் என்னதான் என்று அவனையே துருவித் துருவிக் கேட்டேன், வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன்.

லண்டன் அசல் 1986 அக்டோபர் 9 அன்று ஹெர் மெஜஸ்டிஸ் என்ற அரங்கில் தொடங்கியது. நியூயார்க்கில் 1988 ஜனவரியில் தொடங்கி 2023 ஏப்ரலில் நிறுத்தும்வரை 13,981 முறை நடந்தது. அங்கெல்லாம் நாடகம் வேறு, கட்டிடம் வேறு என்று பிரிக்க முடியாது. கூரையில் ஒரு டன் எடையுள்ள விளக்கைத் தொங்கவிட இடம், மேடைக்கு அடியில் பொறிகளுக்குப் பள்ளம், வாத்தியக்காரர்களுக்குத் தனிக் குழி என்று எல்லாம் அந்த ஒரு வீட்டுக்கென்று அளவெடுத்துச் செய்தவை. ஊர் சுற்றக் கிளம்பும்போது வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாதல்லவா? 'தி லயன் கிங்' நாடகத்தில் சிங்கக் குட்டியைத் தூக்கிக் காட்டும் பாறை நியூயார்க்கில் மேடைத் தரைக்குள்ளிருந்து திருகாணி போலச் சுழன்று எழும். பயணக் குழுவில் அந்தப் பாறை பக்கவாட்டிலிருந்து வருகிறது. போகிற ஊர் அரங்கில் எல்லாம் தரையைத் தோண்ட முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. 'ஃபேண்டம்' 2012இல் பிரிட்டனைச் சுற்றக் கிளம்பியபோது காட்சி அமைப்பையே புதிதாகச் செய்தார்கள். பெரிய வட்டச் சுவர் ஒன்று சுழலும், அதற்குள்ளிருந்து படிகள் வெளியே வரும்.

இதையெல்லாம் கேட்டால் அசல் மேல், பயணம் கீழ் என்று எழுதி முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் லண்டன் அரங்கு 2021இல் கொரோனாவுக்குப் பின் மறுபடி திறந்தபோது 27 வாத்தியக்காரர்கள் 14 ஆகிவிட்டார்கள். வீடு மாறவில்லை, பாதி வாத்தியம் போய்விட்டது. இன்னொரு லண்டன் இசை நாடகமான 'லே மிசராப்ளே'யின் கதை இன்னும் வேடிக்கை. 1985இல் தொடங்கிய அசலின் உயிரே சுழலும் மேடைதான். 2009இல் கிளம்பிய பயண வடிவத்தில் அந்தச் சுழல் மேடை கிடையாது. பின்திரையில், மூல நாவலை எழுதிய விக்டர் ஹியூகோவே வரைந்த ஓவியங்களை ஒளியால் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 2019இல், லண்டனில் அசலை நிறுத்திவிட்டு இந்தப் பயண வடிவத்தையே அங்கே குடிவைத்துவிட்டார்கள். ஊர் சுற்றப் போன பிள்ளை திரும்பி வந்து தாய் வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்ட மாதிரி. அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "அதனால்தான் மாமா, சீக்கிரம் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்" என்றான். அவனைப் பேசி வெல்ல முடியாது.

சரி, நம் 'வள்ளி திருமண'த்தின் அசல் எந்த வீட்டில் இருந்தது?

எந்த வீட்டிலும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை. உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார். 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைகளாக வந்து சேர்ந்தது அங்கேதான். அந்தக் கம்பெனியும் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு, சில மாதம் தங்கி, பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனதுதான். ஆக, நம் அசலும் வண்டியில்தான் இருந்தது. அதற்கு வீடு என்று ஒன்று இருந்தால் அது வாத்தியார்தான். பாட்டு, வசனம், எந்த அடியில் யார் எதிர்ப்பாட்டு எடுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையிலிருந்து பிள்ளைகள் தொண்டைக்கு நேராக இறங்கியது. ஒரு முழு நாடகத்தைப் பாட்டோடு ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள்.

சரவிளக்குக்கு ஈடாக நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லக் கூடாது. கன்னையா நாடகக் கம்பெனியின் காட்சி ஜோடனைக்காகவே அந்தக் காலத்தில் கூட்டம் கூடியது. தந்திரக் காட்சி என்றால் நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனி. ஆனால் அந்தப் பெட்டி படுதாக்களோடு அவர்கள் காலமும் போயிற்று. மிஞ்சியது பாட்டு மட்டும்.

ஸ்பெஷல் நாடகம் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு வாத்தியாரை விட்டுவிட்ட ஏற்பாடு. இதைப் பார்த்திராதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவார், நாயகி வேடத்துக்கு ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, சிரிக்க வைக்கும் பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனி முன்பணம், தனித்தனிப் பேச்சு. இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. முருகனும் வள்ளியும் வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்திப்பதே எங்கள் ஊர் மேடைக்குப் பின்னால், முகத்துக்கு அரிதாரம் பூசும்போதாக இருக்கலாம். அன்றிரவே அவர்களுக்குக் கல்யாணம். இரவு பத்து மணிக்குப் பபூனும் டான்ஸும் தொடங்கினால், விடியும்போது மாலை மாற்றுவார்கள்.

இது எப்படி நடக்கிறது? பாட்டு வரிசை எல்லோருக்கும் ஒன்று. வள்ளி ஆலோலம் பாடினால் அடுத்து யார் வர வேண்டும், வேடன் எந்தப் பாட்டோடு உள்ளே நுழைய வேண்டும் என்பது சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட தடம். இடையில் வரும் பேச்சு அவரவர் சரக்கு. தடம் மாறாமல் பார்த்துக்கொள்கிறவர் ஆர்மோனியக்காரர். பின்பாட்டும் அவர், சுருதியும் அவர், யாராவது தடுமாறினால் அடுத்த பாட்டின் முதல் இழையை வாசித்து இழுத்துக்கொண்டு போகிறவரும் அவர். லண்டனில் 27 பேர் இருந்த குழியில் இங்கே ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், மற்ற தாளக் கருவிகளுக்கு ஆல்ரவுண்ட் என்று மூன்று பேர். அந்த மூவருக்கும் நாடகம் முழுக்கத் தெரியும். அங்கே குழியில் இருப்பவர்கள் வாசிப்பார்கள். இங்கே அவர்கள்தான் நடத்துகிறார்கள்.

இனி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குரலில் அசலுக்கு எதிரே நிற்க யாராலும் முடியாது. செங்கோட்டையில் 1906இல் பிறந்த நாடகப் பாடகர் கிட்டப்பா (செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தது) ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைப் பாய்வரை கேட்கப் பாடியவர். அவர் வேலனாகவும் கே.பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்ற இரவுகளைப் பற்றி எங்கள் தாத்தா பேசுவதைக் கேட்டால், அவரே நடித்தது போல் இருக்கும். கிட்டப்பா 1933இல், 27 வயதில், போய்விட்டார். நமக்கு மிச்சம் இசைத்தட்டுகள்தான். அவற்றில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். மேடையில் அரை மணி நேரம் விரிந்த பாட்டை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். இன்றைய ராஜபார்ட்டுகளில் நல்ல சாரீரம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கெடுப்பது மைக் செட். பாட்டுக்கு எதிரொலி வைத்தால்தான் பக்தி வரும் என்று மைக் செட்காரர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

தர்க்கம் வேறு கதை. நாரதரும் வள்ளியும் மோதிக்கொள்ளும் இடத்தில் ஸ்பெஷல் நாடகம் அசலை முந்துகிறது என்பது என் கட்சி. வாத்தியார் எழுதிக் கொடுத்த கேள்விக்கு வாத்தியார் எழுதிக் கொடுத்த பதிலைச் சொல்லும் பிள்ளைகளுக்குத் தோற்கும் பயம் கிடையாது. இங்கே வள்ளி என்ன கேட்பாள் என்று நாரதருக்குத் தெரியாது. "நீர் யார், எங்கிருந்து வருகிறீர், நாரதர் என்ற பெயருக்கு என்ன பொருள்" என்று தொடங்கும் கேள்வி, திருப்புகழுக்கும் போகலாம், பருத்தி விலைக்கும் போகலாம். முன்வரிசைக் கிழவிகள் ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். நிஜமாகவே ஒருவர் தோற்பார், தோற்றது முகத்தில் தெரியும். பம்பாயில் நான் கொடுத்த பணத்துக்கு இப்படி ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அங்கே யார் முகமூடி போட்டாலும் அதே அடி, அதே திரும்பல். எந்த ஊரிலும் எந்த இரவிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பெருமை.

ஸ்பெஷல் நாடகத்தின் தளர்வு வழியாகத்தான் சுதந்திரப் போராட்டமும் 'வள்ளி திருமண'த்துக்குள் நுழைந்தது. சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் தினைப்புனத்தில் கொக்கைப் பாடும்போது அது எந்த வெள்ளைக் கொக்கு என்று மேடைக்குக் கீழே நின்ற போலீஸுக்கும் தெரியும். பாடினார், கைதானார், வெளியே வந்தார், மறுபடி பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. ஒத்திகையில் பூட்டிய நாடகத்தில் அந்தக் கொக்கு பறந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஸ்பெஷல் நாடகம் தோற்கும் இடமும் உண்டு. 'அரிச்சந்திரா' மயான காண்டம் போல ஒருவர் துக்கத்தை மற்றவர் தாங்க வேண்டிய நாடகத்தை, மாலையில் அறிமுகமானவர்களால் தூக்க முடிவதில்லை. சந்திரமதி அழும்போது அரிச்சந்திரன் தன் முறைக்காகக் காத்திருப்பது தெரிந்துவிடுகிறது. அதற்குக் கூடிப் பழகிய குழு வேண்டும். நேரக் கணக்கும் இன்னொரு வினை. மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் ஊருக்கு வந்த நாரதரும் வள்ளியும் ஒருவரை ஒருவர் விடாமல் மூன்று மணிவரை இழுத்துவிட்டார்கள். முருகன் கொட்டகைக்குப் பின்னால் மயிலிறகோடு உட்கார்ந்து தூங்கியே போனார். நாலரை மணிக்கு எழுப்பி மேடையேற்றினோம். முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் வருவது, யானை வருவது எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. கிழவன் வேடத்துக்குத் தாடி கட்டக்கூட அவகாசம் இல்லை. விழித்திருந்தவர்கள் நானும், கருப்பட்டிக் காப்பி விற்றவரும், நாலைந்து ஆச்சிமார்களும்.

ஒத்திகைக் குழு ஒன்றைப் பாளையங்கோட்டையில் பார்த்திருக்கிறேன். சுத்தமான பாட்டு, நல்ல விளக்கு, ஒன்பதரைக்குக் கல்யாணம் முடிந்து பத்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். தர்க்கம் பன்னிரண்டு நிமிடம். வள்ளி ஜெயிப்பாள் என்று அவள் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. அரங்குக்கு அது சரி. பிள்ளைகளுக்கு இசை நாடகம் என்றால் என்ன என்று காட்டவும் அதுவே சரி. கரிசல் மண்ணில் பாய் விரித்து உட்காரும் கூட்டம் ஒன்பதரைக்கு எழுந்து எங்கே போகும்?

அடுத்த கூட்டத்தில் என் கட்சியைச் சொன்னேன். 'வள்ளி திருமணம்' என்றால் ஸ்பெஷல் நாடகம், 'அரிச்சந்திரா' என்றால் ஒத்திகைக் குழு. எங்கள் ஊருக்கு வள்ளிதான் வேண்டும் என்று ஆச்சிமார் முன்பே முடிவு செய்துவிட்டார்கள், ஆகவே பிரச்சினை இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். வழக்கமாக ராஜபார்ட்டுக்கு முதலில் முன்பணம் கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் பெட்டிக்காரரைத் தேடுவோம். இந்த ஆண்டு பெட்டிக்காரரை முதலில் பிடிப்போம், நாரதரும் வள்ளியும் அடுத்து, முருகன் கடைசி.

"முருகனே கடைசியா?" என்று அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெட்டிக்காரருக்குக் கொடைக்கு மறுநாள் தேதி இல்லையாம். அதனால் நாடகத்தை எட்டாம் பூசைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.