கல்லூரி ஹெல்த் சென்டரின் இலவச ஆணுறைப் பெட்டி: நல்லதும் குறையும்

முன்பெல்லாம் எங்கள் ஹெல்த் சென்டரில் ஆணுறை வேண்டுமென்றால் நர்ஸிடம் கேட்டு, நோட்டில் பெயரும் துறையும் எழுதிவிட்டுத்தான் வாங்க வேண்டும், அதனாலேயே யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது பெட்டியைக் கழிவறைக்குள்ளேயே மாட்டிவிட்டார்கள். கதவைத் தாழ்போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பெண்கள் கழிவறையிலும் ஒன்று இருக்கிறது, அதுதான் சீக்கிரம் காலியாகிறதாம். இதை யோசித்துச் செய்தவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

சரக்கும் தரமாகவே இருக்கிறது. காலாவதித் தேதி பளிச்சென்று தெரிகிறது, பாக்கெட்டை அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது விரலுக்குத் தெரியும், அப்படியென்றால் பாக்கெட்டில் ஓட்டை இல்லை. கூடவே தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட்டும் வைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்த எண்ணெயையோ வாசலினையோ தடவினால் ஆணுறையின் லேட்டக்ஸ் ரப்பர் நைந்து கிழிந்துவிடும், இது நிறையப் பேருக்குத் தெரியாது.

பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பயமுறுத்தாமல் எழுதியிருக்கிறார்கள். நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு மாட்டுவது, வெளியே எடுக்கும்போது அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்வது எல்லாம் படத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பேரில் 2 பேர்தான் கர்ப்பமாவார்கள், நடைமுறையில் அது 13 பேர் வரை போகிறது என்பதையும் மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். ஹெர்பிஸ், எச்.பி.வி. போன்ற பால்வினைத் தொற்றுகள் தோல் உரசலிலும் பரவும் என்பதால் தடுப்பூசியையும் பரிசோதனையையும் பற்றி இரண்டு வரி. போதுமானது.

குறைகள்? ஒரே அளவுதான் வைக்கிறார்கள். லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு வகை கிடையாது.

அதைவிடப் பெரிய குறை, சனி ஞாயிறு சென்டரே மூடிக் கிடக்கிறது. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசர கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. வெள்ளி இரவு 11 மணிக்கு ஆணுறை கிழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், திங்கள் காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போது 58 மணி நேரம் ஓடிப்போயிருக்கும், அதுவரை அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? விடுமுறை நாளில் திறக்க ஆள் இல்லையென்றால் சரி, இரவிலும் இயங்கும் பக்கத்து மருத்துவமனையின் பெயரையும் எண்ணையுமாவது அந்தத் தாளிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.