என்ஹெடுவானா: இனன்னா துதியா, கோயில் பாடல்களா?

பண்டைய மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) அக்காத் பேரரசன் சார்கோனின் மகள் என்ஹெடுவானா. கி.மு. 23ஆம் நூற்றாண்டில் ‘ஊர்’ (Ur) என்ற பெயருள்ள நகரத்தில், நிலாக் கடவுள் நன்னாவின் தலைமைப் பூசாரியாக இருந்தவர். பாடல்கள் சுமேரிய மொழியில். அவர் பெயரில் கிடைப்பவற்றில் எதை முதலில் படிப்பது?

என் ஓட்டு இனன்னா துதிக்கு. மொத்தம் 153 வரிகள்தான். போரும் புயலுமாக வரும் பெண்தெய்வம் இனன்னாவைப் போற்றிக்கொண்டே போய், நடுவில் ‘நான், என்ஹெடுவானா’ என்று கவிஞரே உள்ளே வந்துவிடுகிறார். லுகல்-அனே என்பவன் தன்னைக் கோயிலிலிருந்து துரத்தியதைச் சொல்லி முறையிடுகிறார். இத்தனை காலம் பூசை செய்த நன்னா வாயே திறக்கவில்லை என்ற ஆதங்கம் வேறு! நள்ளிரவில் தான் ஈன்றெடுத்த பாட்டை, பாடகர் நண்பகலில் திரும்பப் பாடட்டும் என்கிறார்.

கோயில் பாடல்கள் வேறு ரகம். மொத்தம் 42. எரிடு நகரில் தொடங்கி, சுமேர், அக்காத் நகரங்களின் கோயில்களையே முன்னிலையில் விளித்துப் பாடுபவை. ஒவ்வொன்றாக ருசிக்கலாம், தொடர்ந்து படித்தால் அலுப்புத் தட்டும். பழைய நகரங்களின் தெய்வங்களை அறிய விரும்புவோருக்கு இதுதான் புதையல். இதற்கு முன் யாரும் செய்யாததைச் செய்ததாக இறுதியில் பெருமிதமும் உண்டு.

ஆனால் இதில் மன்னன் ஷுல்கி காலத்துக் கோயிலும் இடம்பெறுகிறது. அவன் என்ஹெடுவானாவுக்குப் பிந்தியவன். ஆக, அது இடைச்செருகல். துதியை அவரே எழுதினாரா என்ற சந்தேகமும் உண்டு. நம்மிடமுள்ள பிரதிகள் பெரும்பாலும் பல நூற்றாண்டுகள் கழித்து மாணவர்கள் களிமண் பலகைகளில் எழுதிப் பழகியவை.