தகட்டைக் கழற்றுவதா, மூடி அடிப்பதா?

பழைய காரைப் பிரித்து மறுபடி பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் என்ஜின், சீட், குரோம் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போடுவார்கள். போனட்டுக்கு உள்ளே, என்ஜினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கிற இரும்புத் தடுப்புச் சுவரில் ரிவெட் (தட்டி இறுக்குகிற ஆணி) அடித்து நிற்கிற சின்னத் தகட்டை மட்டும் கடைசியில்தான் கவனிப்பார்கள். கம்பெனி பெயர், மாடல், சேஸிஸ் நம்பர் என வண்டியின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு அடிப்பதா, இடத்திலேயே மூடிவிட்டு அடிப்பதா என்பதில் சென்னைப் பட்டறைகளே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன.

என்னுடையது 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம்ம ஊரிலேயே தயாரான கார் என்பதால் அதன் மேல் எனக்குக் கூடுதல் பாசம். இரண்டு வழியையும் நான் யோசித்தது அந்த வண்டியை வைத்துத்தான்.

மூடி அடிப்பதில் பெரிய நிம்மதி, தொழிற்சாலையில் அடித்த ரிவெட் அப்படியே இருப்பது. பிற்காலத்தில் வாங்குகிறவரோ, பிரேக் இன்ஸ்பெக்டரோ குனிந்து பார்த்தால் சந்தேகப்பட ஒன்றும் இருக்காது. வேலையும் சுலபம்: அலுமினிய ஃபாயில் டேப் ஒரு சுற்று, மேலே மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. ஆனால் பழைய பெயிண்டையும் துருவையும் எடுக்க மணலைப் பீய்ச்சி அடிக்கிற சாண்ட் பிளாஸ்டிங் செய்வதாக இருந்தால் இது போதாது. மணல் டேப்பின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், ஒரு நொடியில் எழுத்தை மங்கலாக்கிவிடும். தின்னர் துணி பட்டாலும் தகட்டில் அச்சிட்ட கறுப்பு மை கையோடு வந்துவிடும். அப்புறம் தகட்டைச் சுற்றிப் புதுப் பெயிண்ட் ஒரு கோடாக மேடு கட்டி நிற்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான்.

சமாளிக்க முடியாதது, தகட்டுக்கு அடியில் இருப்பது. அலுமினியத் தகடும் அடியில் இருக்கும் இரும்பும் ஒட்டி நின்று, நடுவில் உப்பு ஈரம் இறங்கினால் முதலில் அலுமினியம் அரித்துப்போகும், பிறகு இரும்பும். திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வருஷக்கணக்காக நின்ற வண்டி என்னுடையது. தகட்டின் கீழ் ஓரத்தில் நகத்தை வைத்துக் கீறினால் திருநீறு போல வெள்ளைப் பொடி உதிர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அதற்குப் பின்னால் பழுப்பாகத் துரு தெரிந்தது. டிங்கரிங் பார்க்கும் அண்ணன் சொன்னார்: "சார், இதை மூடி அடிச்சா ரெண்டே மழைக்காலம். பெயிண்டு கொப்புளம் விட்டு வரும். அப்போ தகடும் சேர்ந்து போயிடும்." அவர் சொன்னது சரி. ஓரம் சுத்தமாக, தகடு தட்டையாக, பொடி எதுவும் இல்லாமல் இருந்திருந்தால் நான் கைவைத்தே இருக்க மாட்டேன்.

கழற்றுவதில் ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கழற்றும் விதம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மெல்லிய தகடு ஓட்டையருகே மடங்கும். அந்த மடிப்பு எவ்வளவு தட்டினாலும் போகாது. முன்பக்கம் டிரில் வைத்தால் ரிவெட் கூடவே சுற்றி, ஓட்டை அகலமாகிவிடும். பின்பக்கம் கை போகிற இடமாக இருந்தால் ரிவெட்டின் வாலை அறுத்து, பின்னாலிருந்து மெல்லத் தட்டி வெளியே தள்ளுவதே நல்லது. என் வண்டிக்கு அப்படித்தான் செய்தோம். இரண்டு ரிவெட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

இரண்டாவது, கழற்றிய பிறகு அது எங்கே இருக்கிறது என்பது. ஹெரால்டில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடியைத் தூக்கிவிடலாம். அதனால் பாடி ஒரு பட்டறையில், சேஸிஸ் அம்பத்தூரில் என்று பல மாதம் பிரிந்து கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒருவரின் ஃபியட்டில் தகட்டைக் கழற்றி டப்பாவில் போட்ட பட்டறை, கடைசியில் டப்பாவையே தொலைத்துவிட்டது. அவருக்கு இன்று வரை ஆறவில்லை. அதனால் தகடு பட்டறையில் தங்கக் கூடாது, உரிமையாளரின் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும்.

சட்டப் பக்கமும் பயம் நியாயமானதே. அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு 1959 கார்வெட் காரைப் பதிவுக்குக் கொண்டுபோனபோது, மராமத்தில் அதன் சேஸிஸ் நம்பர் தகட்டைக் கழற்றி மாட்டியது தெரிந்து, 2017இல் போலீஸ் பறிமுதல் செய்தது. பழைய வண்டிகளுக்கு விலக்குத் தரும் சட்டத்திருத்தம் 2022இல்தான் வந்தது. இங்கே 2021 விதிகளின்படி 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிய, சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அதனால் கழற்றும் முன்பே பென்சில் பிரிண்ட் எடுத்தேன். தகட்டின் மேல் தாளை வைத்துத் தேய்த்தால் எண்ணும் ரிவெட் தலையும் சேர்ந்து விழும். சேஸிஸில் பொறித்த எண்ணுக்கும் ஒன்று எடுத்து, இரண்டையும் ஆர்.சி. நகலோடு வைத்தேன். தகடும் வண்டியின் பதிவு எண்ணும் ஒரே படத்தில் தெரிய ஃபோட்டோவும் உண்டு.

மறுபடி மாட்டுவதில், முன்பக்கமிருந்தே கைக்கருவியால் இழுத்து இறுக்குகிற பாப் ரிவெட்டைத்தான் பலரும் எடுப்பார்கள். விலை குறைவு, வேலை வேகம். ஆனால் தலையின் நடுவில் இருக்கும் குழி, தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்க்ரூ அதைவிட மோசம், யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்று அழைப்பது போல. பசை ஒட்டுவதை நான் பேச்சுக்குக்கூட ஏற்க மாட்டேன். பழைய ரிவெட் எந்த மாதிரியோ, அதே அளவில், அதே தலையில், நடுவில் குழி இல்லாத திட ரிவெட் தேடுவதுதான் முறை. ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்து நான் வாங்கினேன். அடியில் பிரைமர், பெயிண்ட் இரண்டும் நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு ஒரு பூச்சு. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் இரும்பையே தின்னும்.

புதுத் தகடு அடித்துக்கொள்ளலாமே என்றும் சிலர் சொன்னார்கள். எண்ணைப் புதிதாகப் பொறித்த தகடு, வண்டி நேர்மையானதாக இருந்தாலும் திருட்டு வண்டி போலவே தெரியும். என் தகட்டின் வலது மூலையில் ஒரு ஸ்பானர் கீறல் இருக்கிறது. அதைத் தேய்க்கவில்லை, பாலிஷும் போடவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்து, அப்படியே பழைய ஓட்டைகளில் மாட்டினேன்.