15 அங்குல ரிம், 205 டயர்: ஓட்டோகுரொஸுக்கு ஒரு எம்எக்ஸ்-5, திருகோணமலை வெயிலில் நீண்டகாலப் பாவனை

கார், மஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டாம் தலைமுறை, 1.8 எஞ்சின். வேலை, தார்த் தரையில் கூம்புகளை வைத்து ஒவ்வொரு காராக நேரம் பிடிக்கும் ஓட்டோகுரொஸ். இந்தியாவில் இதே பெயரில் மண்தரையில் ஓடுவார்கள். அந்த டயர்க் கணக்கே வேறு. இங்கே ஒரு ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடம், அதில் பெரும்பகுதி இரண்டாம் கியர். ரிம்மையும் டயரையும் தெரிவு செய்யும்போது இதை மறந்தால் காசு வீண்.

17 அங்குல ரிம் போட்டால் கார் எடுப்பாகத்தான் நிற்கும். ஆனால் கம்பனி அளவான 195/50-15 டயரின் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 50 வீதம், ரிம் 15 அங்குலம்) விட்டம் 576 மி.மீ., 215/40-17 டயரின் விட்டம் 604. கிட்டத்தட்ட 5 வீதம் கூடுதல். அவ்வளவுக்கு இரண்டாம் கியரின் இழுவை குறையும், வளைவை விட்டு வெளியே வரும்போது கார் சோம்பும். 205/50-15 போட்டால் 586 மி.மீ., அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியாது. 225/45-15 இன்னும் நல்ல பிடி தரும். அதற்கு 7 அங்குலமாவது அகல ரிம் வேண்டும், 8 என்றால் சிறப்பு. ஆனால் 8 அங்குல ரிம்முக்கு மட்கார்ட் உதட்டை மடிக்க வேண்டிவரும். அன்றாடம் ஓடும் காருக்கு 15×7 ரிம், 205 டயர் என்பதே என் தெரிவு.

ரிம் வாங்கும்போது ஒஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் தள்ளியிருக்கும் மி.மீ.) கணக்கைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே போடுங்கள். கம்பனி ரிம் 15×6, ஒஃப்செட் 40. அதை 15×7, ஒஃப்செட் 35 ஆக்கினால் அகலத்தால் இரு பக்கமும் 12.7 மி.மீ. கூடும், ஒஃப்செட் குறைந்த 5 மி.மீ. வெளிப்பக்கம் சேரும். ஆக வெளியே 17.7, உள்ளே 7.7. உள்ளே இடிக்கிறதா என்று பார்க்க ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, கீழ்க் கையை ஜக்கால் தூக்கிப் பாருங்கள். ரிம்மின் எடையை மீன் வாடித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாலே போதும். கடைக்காரர் சொல்லும் எடையை நம்ப வேண்டாம்.

நம்மூரில் அதிகம் பிழைக்கிற இடம் நட். போல்ட் வட்டம் 4×100 (100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு போல்ட்) என்பதால் ஹொண்டா சிவிக்கின் பழைய அலோய் ரிம் இதில் ஏறிவிடும். "அண்ணன், எல்லாம் ஒரே நட்தான்" என்று சொல்லிப் பூட்டியும் தருவார்கள். இழை இரண்டுக்கும் 12×1.5 என்பது உண்மை. ஆனால் ஹொண்டா கம்பனி ரிம்மில் நட் அமரும் குழி உருண்டை, மஸ்டா நட் கூம்பு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் பிடிக்கும். இறுக்கம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் சில ஓட்டங்களில் தளர்ந்துவிடும். கழற்றிப் பார்த்தால் குழியில் பளபளப்பான ஒற்றைக் கோடு தெரியும். நடு ஓட்டையும் ஒன்றல்ல: ஹொண்டாவில் 56.1 மி.மீ., மஸ்டாவில் 54.1. இடைவெளிக்கு வளையம் போடுவதென்றால் அலுமினியத்தில் போடுங்கள், பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகிவிடும். இறுக்கம் 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள், டோர்க் ரென்ச்சால். இம்பெக்ட் கன்னால் அடிக்க விடாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

டயர்: பக்கச்சுவரில் டிரெட்வெயார் (தேய்மான) எண் 200 உள்ளவை இந்தப் பந்தயத்துக்கென்றே வருகின்றன. யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ், ஃபல்கன் ஆர்டி660 மூன்றும் அந்த வகை. பழைய டயர் மலிவாகக் கிடைத்தால் முதலில் நான்கு இலக்கத் திகதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. பூ ஆழமாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். பூவில் நகத்தை அழுத்துங்கள், தடம் விழவில்லையென்றால் வேண்டாம்.

காற்றைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கதவுத் தகட்டில் 26 பி.எஸ்.ஐ. என்றிருக்கும். கூம்புகளுக்குள் அது போதாது, பக்கச்சுவர் மடிந்து டயர் தோளில் ஓடும். காலையில் குளிர்ந்த நிலையில் 30இல் தொடங்குங்கள். ஒவ்வொரு 5, 6 பாகை சூட்டுக்கும் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. ஏறும் என்பதால் இரண்டு ஓட்டத்தில் 34, 35 வந்துவிடும். டயர்த் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதன் மேல் சோக்கால் கோடு போட்டு ஓடி வந்து பாருங்கள். சோக் முக்கோண முனைவரை அழிந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்தால் காற்றுக் குறைவு, முனையை எட்டவில்லையென்றால் காற்றுக் கூடுதல். வளைவில் மூக்கு வெளியே தள்ளினால் பின்பக்கம் 2 கூட்டிப் பார்க்கலாம்.

கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னொரு தொல்லை. கார் வரிசையில் நிற்கும்போது வெயில் படும் பக்கத்து டயர்கள் மட்டும் 2 பி.எஸ்.ஐ. கூடிவிடும். ஓடாமலே! அந்தப் பக்கம் காற்றை இறக்கினால் ஓட்டத்தில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இருக்கும். காற்றில் கைவைக்காமல் வெள்ளைத் துணியால் டயரை மூடுங்கள்.

பந்தயத்துக்குக் கொழும்புப் பக்கம் போவதென்றால் கந்தளாய், ஹபரணை வழியே ஏறத்தாழ 260 கி.மீ. நான்கு சக்கரமும் எம்எக்ஸ்-5 டிக்கிக்குள் போகாது, அதே டயரில்தான் போய்வர வேண்டும். ஆகவே முன் கம்பர் (சக்கரத்தின் மேல்முனைச் சாய்வு) கழித்தல் 2 பாகை, அதாவது உள்ளே சாய்வு; டோ (சக்கரத்தின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூச்சியம். டோ பிசகினால் உள் ஓரம் நெடுஞ்சாலையிலேயே தின்னப்பட்டுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பூவின் ஆழம் 3 மி.மீ.க்குக் கீழ் என்றால் இந்த டயரை நம்பி ஓட வேண்டாம்.

உப்புக் காற்றின் வேலை மெதுவாகத் தெரியவரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிற்கும் காரில் பெயின்ட் உரிந்த ரிம்மின் உள்விளிம்பில் வெள்ளைத் தூள் பூக்கும். பங்சரே இல்லாமல் கிழமைக்கு 3, 4 பி.எஸ்.ஐ. குறைந்தால் அதுதான் காரணம். டயரைக் கழற்றி, விளிம்பை நைலோன் உரசியால் தேய்த்து, டயர் விளிம்பை அடைக்கும் பீட் சீலர் பூசினால் நிற்கும். ரிம் ஹப்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஹப் முகத்தில் அன்டி-சீஸ் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். போல்ட் இழையில் படக்கூடாது, பட்டால் டோர்க் அளவு பொய் சொல்லும்.