பழனி மலையில் ஓர் இறையழைத்தல் முகாம்: அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு

மேல்நிலைத் தேர்வு எழுதி முடித்து, கத்தோலிக்கக் குருவாகும் அழைப்பு (இறையழைத்தல்) தமக்கு உண்டா என்று அறிய விரும்பும் மாணவர்களுக்காகப் பழனி மலைத்தொடரில் உள்ள குருத்துவப் பயிற்சி இல்லம் ஒன்றில் மறைபரப்புத் துறவற சபையினர் கோடை விடுமுறையில் நடத்தும் ‘வந்து பாருங்கள்’ முகாமுக்கு என் அக்காள் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். பிள்ளையை அனுப்பலாமா என்று எங்கள் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) பலரும் கேட்கிறார்கள். தாராளமாக அனுப்பலாம், ஆனால் சில கேள்விகளைப் பெற்றோர் தாங்களாகவே கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

இம்முகாமின் பெரிய சிறப்பு, வந்திருக்கும் பிள்ளைகளை விருந்தாளிகளாக நடத்தாததுதான். குருமாணவர்களின் (குருவாகப் பயில்பவர்களின்) அன்றாட ஒழுங்கிற்குள்ளேயே அவர்களையும் சேர்த்துவிடுகிறார்கள். பனி விலகாத விடியலில் மணி அடிக்கிறது. காலைப் புகழ் என்னும் காலைச் செபம், தியானம், திருப்பலி மூன்றும் முடிந்த பிறகே சிற்றுண்டி. அடுத்து, சுவரில் தொங்கும் வேலைப் பட்டியலைப் பார்த்து அவரவர் கலைந்து செல்ல வேண்டும். கழிப்பறை கழுவுதல், கேரட் பாத்திக்குத் தண்ணீர் விடுதல், சமையற்கட்டில் பூண்டு உரித்தல் என எதிலும் பெரியவர் சிறியவர் வேறுபாடு இல்லை. இரவு செபத்துக்குப் பின் மறுநாள் திருப்பலி வரை எவரும் பேசுவதில்லை. கைப்பேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்பதால், அந்த மௌனம்தான் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது மொழி வகுப்பு. இச்சபையின் குருக்கள் பெரும்பாலும் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலச் சிற்றூர்களில் பணியாற்றுகிறார்கள். எனவே குருமாணவர்கள் தொடக்கத்திலேயே இந்தி கற்கிறார்கள். லூக்கா நற்செய்தியை இந்தியில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்த சகோதரர் ஒருவர், தமிழில் ஒரே எழுத்தான ‘க’வுக்கு இந்தியில் உள்ள நான்கு ஒலிகளும் தம் நாவில் ஒன்றுபோலவே வருவதால், உதட்டுக்கு முன்னே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டார்; மூச்சு அழுந்தும் ஒலியில் காகிதம் அசைய வேண்டும், மற்றதில் அசையக் கூடாது. காகிதம் சரியாக அசையும் வரை அதே வரியை அவர் விடவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்து தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்ற இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலியின் உழைப்பை, இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் வடக்கே கொண்டு செல்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு.

ஒரு பிற்பகலில் கொடைக்கானல் அருகே உள்ள செண்பகனூருக்கு அழைத்துச் சென்றார்கள். இயேசு சபையினர் 1895-இல் அங்கே தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில், குருக்கள் சேகரித்த பறவைகளையும் பூச்சிகளையும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். குருத்துவப் படிப்பு என்றால் செபமும் மறைநூலும் மட்டுமே என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம்.

குறை என்று நான் கருதுவது, பெற்றோருக்கு ஒதுக்கிய நேரம். பயிற்சியின் கால அளவைப் பிள்ளைகளுக்கு விரிவாக விளக்கியவர்கள், எங்களுக்குக் கடைசி நாளில் அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். திருச்சபைச் சட்டப்படி நவதுறவு (துறவற வாழ்வின் தொடக்கப் பயிற்சி) குறைந்தது பன்னிரண்டு மாதம்; மெய்யியலுக்கு இரண்டு ஆண்டும் இறையியலுக்கு நான்கு ஆண்டும் வேண்டும்; 25 வயது நிறையாமல் குருப்பட்டம் இல்லை. இவற்றோடு பட்டப்படிப்பும் களப்பணியும் சேர்ந்தால், பதினேழு வயதில் நுழைபவர் முப்பதை நெருங்கும்போதே பலிபீடத்தில் நிற்பார். இடையில் ஒருவர் விலகினால் அவர் கையில் எந்தப் பட்டம் இருக்கும், அது அரசு வேலைக்குச் செல்லுமா என்று நான் கேட்டதற்கு, “அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்” என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. விலகுவது பாவமோ அவமானமோ அல்ல, தெரிந்துகொள்ளத்தான் பயிற்சியே. ஆகவே இக்கேள்விக்குத் தெளிவான பதிலைப் பெற்ற பிறகே எந்தத் தாளிலும் கையொப்பமிடுங்கள்.

உணவு எளியது, வயிறார உண்ணலாம். கட்டணம் இல்லை, விரும்பியவர்கள் காணிக்கை தருகிறார்கள். தரும் கம்பளி ஒன்று மலைக்குளிருக்குப் போதாது என்பதால், வீட்டிலிருந்து தடித்த போர்வையும் காலுறையும் கொடுத்தனுப்புங்கள். வத்தலக்குண்டிலிருந்து பேருந்து வசதி உண்டு. இறங்கிய பின் சிறிது தூரம் ஏற்றத்தில் நடக்க வேண்டும். திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். தேர்வு முடிந்த கையோடு இரண்டையும் வாங்கி வைத்துவிடுவது நல்லது.