எம்ஜிபி வாங்குவதற்கு முன் வைப்பர் ஓட்டையை எண்ணுங்கள்

போன ஆகஸ்டில் 11,500 பவுண்ட் கொடுத்து ஒரு சிவப்பு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கினேன். 1971 மாடல், குரோம் பம்பர், ஸ்போக் வீல். மொத்தம் ஓட்டியது 340 மைல். இப்போது மெக்கானிக் ஷெட்டில் நாலு ஸ்டாண்டு மேல் நிற்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களில் இரண்டு பேர் சமீபத்தில் இதே மாதிரி கார் தேடுவதாகச் சொன்னார்கள். அவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடட்டும்.

இவ்வளவு பணத்தைப் பழைய இரும்பில் போடுவானேன் என்று என் மனைவி கேட்டது போலவே நீங்களும் கேட்கலாம். அப்பா மதுரையில் 22 வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். அந்த பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். விற்ற ஆள் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணினதும் அந்த 'டிக்கு டிக்கு' டப்பெட் சத்தம் கேட்டது. அதன் பிறகு நான் காரைப் பார்க்கவே இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

குளஸ்டர்ஷயர் பக்கம் ஒரு கிராமத்து வீடு. விற்றவர், இது தன் மாமனார் வைத்திருந்த கார், பிறந்ததிலிருந்து இங்கிலாந்திலேயே ஓடியது, இரண்டு பக்கமும் 'சில்' (sill) புதிது என்றார். டீ கொடுத்தார். தடியாக ஒரு ஃபைல், கூடவே ரிப்பேர் பண்ணியபோது எடுத்த படங்கள் என்று ஓர் ஆல்பம். ஃபைல் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தேன், உள்ளே படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து புரட்டினால் அத்தனையும் உதிரிபாக ரசீது. வெல்டிங் வேலைக்கு ஒரு பில்கூட இல்லை.

சில் என்பது கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் இரும்புப் பெட்டி. எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியே சேஸி. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால் வண்டி நடுவில் மடங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த சில்தான். வெளித்தகடு, நடுவில் ஒரு தகடு, அடியில் கோட்டை மதில் போல வளைந்த காசில் ரெயில் என்று பல அடுக்கு. வெளித்தகட்டின் இரு முனையும் முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் அடியில் புகுந்து போகும். அதனால் ஒழுங்காக மாற்றுகிறவன் மட்கார்டைக் கழற்றவோ அதன் அடிப்பகுதியை வெட்டவோ செய்தாக வேண்டும். நாள்கணக்கில் ஆகும் வேலை.

என் காரில் நடந்தது வேறு. அக்டோபரில் முன் சக்கரம் திரும்ப உதவும் கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கக் கொண்டுபோனேன். மெக்கானிக் இடது கதவைத் திறந்து வைத்துவிட்டு, சில்லுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்கினார். "இப்ப கதவைச் சாத்துங்க" என்றார். சாத்தவில்லை. பூட்டு நாக்கு தூணில் இடித்து நின்றது. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்த இடத்தில் இப்போது காகிதம் நுழையாது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு குளிர்சாதனப்பெட்டிக் காந்தத்தைக் கொண்டுவந்து சில்லின் பின்முனையில் ஒட்டினார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. அரை அங்குலத்துக்கு வெறும் பட்டி (பள்ளம் அடைக்கும் பசை). பட்டியைச் சுரண்டினால் புதுத் தகடு; அதற்கு உள்ளே இத்துப்போன பழைய சில் அப்படியே. ஸ்க்ரூடிரைவரை லேசாகத் தட்டியதும் துரு பொலபொலவென்று ஒரு டீ டம்ளர் அளவு கொட்டியது. புண்ணுக்கு மருந்து போடாமல் மேலே ஜரிகை வேட்டி சுற்றிவிட்டார்கள்.

அதே நாளில் இன்னொன்று. கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இரண்டுதான், ஆனால் மூன்றாவது ஓட்டையை அடைத்த தடம் பெயிண்டுக்குள் தெரிந்தது. இன்ஜின் ஹெட்டில் நாலு போல்ட் எதையும் பிடிக்காமல் சும்மா இருந்தன. மெக்கானிக் சிரித்தார். 1968க்குப் பிறகு அமெரிக்கா போன ரோட்ஸ்டர்களுக்கு அந்நாட்டுச் சட்டப்படி மூன்று வைப்பர். அந்த நாலு போல்ட் அடைத்திருப்பது அங்கே புகைக் கட்டுப்பாட்டுக்காகக் காற்று செலுத்திய துளைகளை. பிறகு கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதி, தொழிற்சாலைப் பதிவேட்டின்படியான ஹெரிட்டேஜ் சான்றிதழை வாங்கினேன். அதில் இருந்தது: வெள்ளை நிறம், ஸ்டியரிங் இடது பக்கம், அனுப்பியது வட அமெரிக்காவுக்கு. மாமனார் கதை அங்கேயே முடிந்தது.

அமெரிக்கா போய்வந்தது குற்றமே இல்லை. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் எம்ஜிபி செய்தார்கள், அதில் பெரும்பாதி வட அமெரிக்காவுக்குத்தான் போனது. கலிஃபோர்னியா மாதிரி மழை குறைந்த இடத்திலிருந்து திரும்பி வந்த வண்டியில் துரு குறைவு என்று தேடி வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன், விலைதான் வேறாக இருந்திருக்கும்.

என் மேல் எனக்கே கோபம் வருவது இங்கேதான். எல்லாம் கண்முன் இருந்தது. லாக்புக்கில் (நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி) சேஸி எண் ஜிஎச்என்5யூ என்று தொடங்குகிறது. ஜி என்றால் எம்ஜி, எச் இன்ஜின் வகை, என் இரண்டு பேர் திறந்த கார், யூ அமெரிக்கா. பிரிட்டனில் முதலில் பதிவான தேதி என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அதில் 1991. 2018 மே முதல் 40 வயது தாண்டிய கார்களுக்கு எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை என்பதால் "இதுக்கு டெஸ்டே வேண்டாம்" என்று விற்ற ஆள் பெருமையாகச் சொன்னார், நானும் தலையாட்டினேன். பழைய எம்ஓடி முடிவுகள் அரசு இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். 2017இல் இரண்டு பக்கமும் சில் அருகே துரு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம்பர் பிளேட்டைத் தட்டினால் ஒரு நிமிஷ வேலை.

விற்றவருக்குப் போன் செய்தேன். "பார்த்துத்தானே வாங்கினீங்க, நான் வியாபாரி இல்லையே" என்றார். வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் சட்டப்படி 30 நாளுக்குள் பழுதான வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குப் பிறகும் ரிப்பேர் அல்லது விலைக்குறைப்பு கேட்கலாம். தனியாளிடம் அந்த உரிமை கிடையாது. ஆனால் அவரே விளம்பரத்தில் 'சில் புதிது' என்று எழுதியிருக்கிறார்; சொன்னபடி பொருள் இல்லை என்று தனியாள் மேலும் வழக்குப் போடலாம். விளம்பரத்தை அன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்ததுதான் இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அவருடைய போன் நம்பரைத் தேடினால் ஐந்து கார் விளம்பரம் வந்தது. வியாபாரி தனியாள் வேஷம் போடுவதே சட்டவிரோதம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு மூலம், வியாபார மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் கொடுத்தேன். சில் வேலைக்கு மட்டும் 6,200 பவுண்ட் மதிப்பீடு. 10,000 பவுண்டுக்குள் என்பதால் ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்ற முறை) போட்டிருக்கிறேன், இன்னும் தேதி வரவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது, "ஜாக்கி போட்டுப் பாக்காமயாடா வாங்குன?" என்றார். அதோடு சரி, பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த ஆல்பத்தைப் பிறகு ஒருநாள் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தேன். புது சில்லை வெல்டிங் செய்யும் படம் ஒன்றில், மூலையில் கூரை தெரிகிறது. கூரை வைத்த எம்ஜிபி ஜிடி. என் காரே இல்லை. போன வாரம் அதே நம்பரில் புது விளம்பரம் வந்திருக்கிறது: பச்சை ஜிடி, மாமனார் வைத்திருந்தது, அதே படங்கள். இந்த முறை கூரையாவது பொருந்துகிறது.